தக்காளி மண்டிச் சீட்டு மென்பொருளுக்குப் பங்களிப்பாளர்களைச் சேர்த்த செய்முறை

பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரத் தக்காளி மண்டிகளில் விவசாயிக்குக் கொடுக்கும் சீட்டை அச்சடிப்பதுதான் இந்த மென்பொருளின் வேலை. எத்தனை கிரேடு (தக்காளிப் பெட்டி), ஏலம் போன விலை, கமிஷன், இறக்குகூலி, முன்பணப் பிடித்தம், கைக்கு வரும் தொகை: அத்தனையும் 58 மில்லிமீட்டர் அகலச் சுருள்தாளில் தமிழில் வர வேண்டும். பைத்தானில் எழுதியது. நிரலைப் பொதுவில் வைத்துக் கூட்டாக எழுதும் கிட்ஹப் தளத்தில் திறந்தே கிடந்தும், தொடங்கியவர்களைத் தவிர வெளியாள் யாரும் நிரலைத் தொடவில்லை. இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் ஓசூர்க்காரர்கள், பொறியியல் மாணவர்கள், மண்டிக் கணக்குப்பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்கள் கை வைக்கிறார்கள். ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருகிறார். நடுவில் என்னென்ன மாற்றினோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதன் பதிவு இது. சிறிய திறமூலத் திட்டம் (நிரலை யாரும் எடுத்து மாற்றலாம் என்று திறந்து வைத்த திட்டம்) நடத்துகிற எவருக்கும் இதில் பாதியாவது அப்படியே பொருந்தும்.

முதலில் செய்த விளம்பரம்

கல்லூரி வாட்ஸப் குழுக்களில் சுட்டி, லிங்க்ட்இன்னில் அறிவிப்பு என்றுதான் ஆரம்பம். கிட்ஹப்பில் விருப்பத்தைக் காட்டும் நட்சத்திரங்கள் விழுந்தன. புல் ரிக்வெஸ்ட் (தான் செய்த மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) ஒன்றும் வரவில்லை. அடுத்து ஹாக்டோபர்ஃபெஸ்ட். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க நடத்துகிற நிகழ்வு இது. பரிசாகக் கிடைக்கும் டி-ஷர்ட்டுக்காக 2020-இல் உலகம் முழுக்க உப்புச்சப்பில்லாத ரிக்வெஸ்ட்டுகள் குவிந்தன. அதன் பிறகு, ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற டாபிக்கை, அதாவது திட்டத்தின் குறிச்சொல்லை, தாங்களாகவே சேர்க்கும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்றினார்கள். அந்த டாபிக்கைச் சேர்த்தோம். வந்தவையெல்லாம் ரீட்மியில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பில்) கமா திருத்தமும் காலி வரி நீக்கமும்தான்.

வந்த மாணவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. செய்வதற்குத் தெளிவான வேலை எதையும் எடுத்து வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரே கோப்பு ரீட்மி, அதைத் திருத்தினார்கள். எடுத்துச் செய்யும்படி எழுதிய இஷ்யூ (செய்ய வேண்டிய வேலையின் குறிப்பு) குறைந்தது பத்து கையிருப்பில் இருக்க வேண்டும், அந்த மாதம் முழுக்க ரிவ்யூ பார்க்க (வரும் மாற்றங்களைச் சரிபார்க்க) இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஆண்டில் அந்த டாபிக்கைச் சேர்ப்பதில்லை என்பது இப்போதைய வழக்கம்.

உரிமம்

ரெப்போ (நிரல் இருக்கும் சேமிப்பகம்) பொதுவில் இருந்தாலே திறமூலம் ஆகிவிடாது. உரிமக் கோப்பு இல்லாவிட்டால் சட்டப்படி முழுக் காப்புரிமையும் எழுதியவருக்கே; பிறர் எடுத்து மாற்றவோ பகிரவோ அனுமதி இல்லை. பெங்களூரில் கம்பெனி வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான். அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தில் வெளித் திட்டங்களில் பங்களிக்க அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இருக்கக்கூடும். அனுமதிப் படிவத்தில் உரிமத்தின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் எழுத ஒன்றும் இல்லையென்றால் அவர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்.

ஜிபிஎல் 3 தேர்ந்தெடுத்தோம். மண்டிக்கு மண்டி மாற்றி எழுதி விற்பவர்கள் அந்த மாற்றத்தையும் வாங்குகிறவருக்குத் திறந்து கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு முக்கியம். நூலகமாக (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் துணை நிரலாக) எழுதுகிறீர்கள், யார் எடுத்துப் பயன்படுத்தினாலும் சரி என்றால் எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0 போதும். எதுவானாலும் முதல் நாளிலேயே போட்டுவிட வேண்டும். பலர் எழுதிய பிறகு உரிமம் வைக்கப் போனால் எழுதிய ஒவ்வொருவரின் சம்மதமும் தேவைப்படும். பங்களிப்பாளர் உடன்படிக்கை என்று தனி ஒப்பந்தம் கேட்பது சிறிய திட்டத்துக்குப் பாரம். லினக்ஸ் கெர்னலில் 2004 முதல் இருக்கும் டிசிஓ முறையே (இதைக் கொடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்று பங்களிப்பவரே உறுதி சொல்வது) போதும்: கமிட் செய்யும்போது (மாற்றத்தைப் பதியும்போது) சிறிய எழுத்தில் ‘-எஸ்’ சேர்த்தால் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி தானாக விழும்.

இறக்கி ஓட்ட எவ்வளவு நேரம்

ஆள் வராததற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருந்தது. வெளியாள் ஒருவரின் மடிக்கணினியில், அவருடைய கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில், ரீட்மியை மட்டும் பார்த்து நிறுவச் சொல்லி, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்த்ததில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. நேரத்தையும் டேட்டாவையும் குறித்துக்கொண்டே வர வேண்டும். திட்டத்தில் ஏற்கனவே ஊறியவருடைய கணினியில் இதைச் சோதித்துப் பயனில்லை. அதில் எல்லாம் முன்னமே இருக்கும்.

முதல் முட்டுக்கட்டை டாக்கர் (மென்பொருளை அதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் ஒரே பொதியாக ஓட்டும் கருவி). போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு ஒரே கட்டளையில் எழும்பும்படி வைத்திருந்தோம். நகரத்து அலுவலகக் கணினியில் அது வசதி. இங்கே வருகிற மாணவரிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி, ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. டாக்கர் டெஸ்க்டாப், டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), டாக்கர் இமேஜ் பொதிகள் என்று இறக்கி முடிப்பதற்குள் அன்றைய டேட்டா காலி. டாக்கருக்குத் தேவையான விர்ச்சுவலைசேஷன் வசதி கணினியின் பயாஸ் அமைப்பில் அணைந்திருந்தால் அதற்கு மேல் நகரவே முடியாது. ஒரு மண்டியின் சீட்டுக் கணக்குக்கு போஸ்ட்கிரெஸ் தேவையும் இல்லை. எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்துக்கு மாற்றினோம். பைத்தானுடனேயே வருவதால் தனியாக நிறுவ எதுவும் இல்லை. டாக்கர் கோப்பை நீக்கவில்லை, ‘விரும்பினால்’ என்ற தலைப்பின் கீழ் கடைசியில் தள்ளினோம்.

இரண்டாவது, ரெப்போவின் எடை. சீட்டுப் புகைப்படங்கள், விளக்கக் காணொளி, எழுத்துருக் கோப்புகளின் பழைய பதிப்புகள் எல்லாம் கமிட்டில் ஏறியிருந்தன. அவற்றை இன்று அழித்து புதிதாகக் கமிட் செய்தாலும் குளோனின் (இறக்கிக்கொள்ளும் முழு நகலின்) அளவு குறையாது. வரலாற்றில் அவை இருந்துகொண்டே இருக்கும். கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) ஃபில்டர்-ரெப்போ கருவியால் வரலாற்றிலிருந்தே நீக்க வேண்டும். அப்படிச் செய்தால் அதன் பிறகான கமிட் ஹேஷ் (கமிட்டின் அடையாளக் குறியீடு) அனைத்தும் மாறும். ஏற்கனவே ஃபோர்க் (தன் கிட்ஹப் கணக்கில் எடுத்த நகல்) வைத்திருப்பவர்கள் புதிதாகக் குளோன் செய்தாக வேண்டும். ஆகவே ஆட்கள் சேருவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. பிறகுதான் முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் வரலாற்றைத் தொடாமல், ‘டெப்த் 1’ கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் இறக்கும் கட்டளையை ரீட்மியில் எழுதி வைக்கலாம்.

மூன்றாவதுதான் பெரிய சள்ளை, அதுவும் தமிழுக்கே உரியது. விலை குறைந்த தெர்மல் அச்சு இயந்திரங்களில் தமிழ் எழுத்து கிடையாது. சீட்டைப் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். வரைவதற்குப் பில்லோ நூலகம். உயிர்மெய்யைச் சரியாகக் கோத்து வரைய அதற்கு ராக்ம் என்ற துணை வேண்டும். பில்லோ 8.2 முதல் வீல் கோப்பிலேயே (பைத்தானின் நிறுவல் பொதியிலேயே) ராக்ம் வருகிறது. ஆனால் ராக்முக்குத் தேவையான ஃப்ரிபிடி என்ற இன்னொரு நூலகம் கணினியில் தனியாக இருக்க வேண்டும். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்கும், விண்டோஸில் இருக்காது. இல்லாதபோது பில்லோ பிழை எதுவும் சொல்லாமல் சாதா முறைக்கு இறங்கிவிடும். ‘பெட்டி’ என்று அடித்தால் கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்காமல் அதைத் தாண்டி டகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். புதிதாக வந்தவர் தன் கணினியில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பார், அல்லது மென்பொருளே இப்படித்தான் என்று முடிவு கட்டுவார். இரண்டிலும் அவர் திரும்ப வரமாட்டார்.

செய்தது இரண்டு காரியம். நிரல் தொடங்கும்போதே ராக்ம் வேலை செய்கிறதா என்று பில்லோவின் ஃபீச்சர்ஸ் மாட்யூல் மூலம் சோதித்து, இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லி நிறுத்துவது ஒன்று. விண்டோஸ் நிறுவல் ஸ்கிரிப்ட்டோடு ஃப்ரிபிடி டிஎல்எல் கோப்பையும் சேர்த்துக் கொடுப்பது இன்னொன்று. ஃப்ரிபிடி எல்ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் அந்த உரிம உரையையும் உடன் வைக்க வேண்டும்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் வரம்பு: குளோன் தொடங்கி, மாதிரிச் சீட்டில் தன் ஊர்ப் பெயரை மாற்றித் திரையில் பார்ப்பது வரை 15 நிமிடம். அதைத் தாண்டினால் அது பிழை. அதற்கும் இஷ்யூ திறக்கிறோம்.

அச்சு இயந்திரம் இல்லாமல் வேலை செய்ய

58 மில்லிமீட்டர் ப்ளூடூத் தெர்மல் பிரிண்டர் கிட்டத்தட்ட 2,500 ரூபாய். பங்களிக்க வருகிறவர் அதை வாங்கிக்கொண்டு வரட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த வகை இயந்திரங்களின் அச்சு அகலம் 48 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஆக ஒரு வரிக்கு 384 புள்ளி. 80 மில்லிமீட்டர் தாளுக்கு 576. இயந்திரத்துக்குப் போகும் அதே படத்தை 384 புள்ளி அகல பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கும் ‘போலி அச்சு’ வழியை எழுதினோம். கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம், சாம்பல் கிடையாது. திரையில் அழகாகத் தெரிந்து தாளில் திட்டுத்திட்டாக விழும் எழுத்துருக்கள் இங்கேயே பிடிபட்டுவிடும்.

முழு முயற்சியிலும் அதிகப் பலன் தந்தது இதுதான் என்பது என் கணிப்பு. வன்பொருளையோ, கட்டணச் சேவையையோ, ரகசியச் சாவியையோ நம்பி நிற்கும் திட்டம் எதுவானாலும், அதற்கு ஒரு போலி மாற்று இல்லாதவரை வெளியாள் வேலை தொடங்க முடியாது. கூடுதல் நன்மை ஒன்றும் கிடைத்தது. புல் ரிக்வெஸ்ட் வார்ப்புருவில் ‘மாற்றத்துக்கு முன், பின் சீட்டுப் படம்’ என்று இரண்டு இடம் விட்டோம். நிரலை ஓட்டாமலே ஏஐ கருவியில் எழுதி ஒட்டிய ரிக்வெஸ்ட்டுகள் அந்த இடத்தில் வெறுமையாக நிற்கும். ரிவ்யூ பார்ப்பவரின் நேரம் மிச்சம்.

இஷ்யூ எழுதுவது

கிட்ஹப்பில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்ற லேபிள் இயல்பாகவே உண்டு. அதை ஒட்டினால், திட்டத்தின் முகவரிக்குப் பின்னால் ‘கான்ட்ரிபியூட்’ என்று சேர்த்துத் திறக்கும் பக்கத்தில் அவை பட்டியலாக வரும். லேபிளை ஒட்டுவது எளிது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய இஷ்யூ ஒன்று இப்படி இருந்தது:

‘பெயர் நீளமாக இருந்தால் பிரிண்ட் சரியாக வருவதில்லை. சரிசெய்க.’

மாற்றி எழுதியது:

‘58 மி.மீ. தாளில் விவசாயி பெயர் நீளமாக இருந்தால் கிரேடு எண்ணிக்கை அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது. மாதிரித் தரவில் மூன்றாவது பெயரை வைத்துப் போலி அச்சு எடுத்தால் நேரில் பார்க்கலாம் (படம் கீழே). காரணம்: வரியை உடைக்கும் செயல்கூறு எழுத்தை எண்ணுகிறது. பைத்தானில் ‘கி’ என்பதன் நீளம் 2, ‘க’ நீளம் 1. தாளில் பிடிக்கும் இடமோ எழுத்துக்கு எழுத்து வேறு. செய்ய வேண்டியது: எண்ணிக்கைக்குப் பதிலாக பில்லோ தரும் புள்ளி அகலத்தை அளந்து, பெயருக்கான 220 புள்ளியைத் தாண்டும்போது மட்டும் மடக்கவும். உயிர்மெய்யின் நடுவில் வெட்டக்கூடாது. எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் நூலகத்தில் வழி இருக்கிறது. முடிந்தது என்பதற்கு அடையாளம்: மாதிரிப் பெயர் ஐந்துக்கும் எண்ணிக்கை ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். தெரிந்திருக்க வேண்டியது: பைத்தானில் லூப், ஸ்டிரிங். பிரிண்டர் தேவையில்லை.’

கோப்பின் பெயரும் செயல்கூறின் பெயரும் இஷ்யூவில் இருக்கும், இங்கே விட்டிருக்கிறேன். இப்படி ஒன்றை எழுத அரை மணி நேரம் பிடிக்கும். அதே வேலையை நாமே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். கை துறுதுறுக்கும், முடிக்கக் கூடாது. புதியவர் எடுக்கத்தக்க சிறிய வேலைகளைப் பழைய கைகள் தொடுவதில்லை என்று விதி வைத்தோம். அவசரப் பிழை மட்டும் விலக்கு.

தமிழ் தெரிந்தவர்தான் சிறப்பாகச் செய்யக்கூடிய இஷ்யூக்களுக்கு வரவேற்பு அதிகம். ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் அடிக்கலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடும்போது கணினிக்கு இரண்டு வேறு பெயர். ‘கொண்டப்பன்’ என்று ஒரு விவசாயிக்கு இரண்டு கணக்கு உருவாகி, முன்பணம் ஒன்றிலும் வரவு மற்றொன்றிலும் ஏறி நிற்கும். சேமிக்கும் முன் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியாக்கும் வடிவம்) மாற்றினால் தீர்ந்தது. நிரலில் ஒரே வரி. ஆனால் அதன் விளைவை மண்டியில் இருப்பவர் அன்றைக்கே உணர்வார். முதல் பங்களிப்புக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

முதல் இஷ்யூ முடித்தவருக்கு அடுத்து எது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஆரம்பத்தில் எளியவை நிறைய, கடினமானவை நிறைய, நடுவே ஒன்றும் இல்லை. முதல் மெர்ஜோடு (மாற்றம் திட்டத்தில் சேர்வதோடு) பலர் நின்றுபோனதற்கு அதுவே காரணம். இப்போது ஒவ்வோர் எளிய இஷ்யூவின் அடியிலும் ‘இதை முடித்தவர் அடுத்து எடுக்கலாம்’ என்று அதே கோப்பைத் தொடும் இன்னொரு இஷ்யூவின் எண் இருக்கும். பெயர் மடக்கும் வேலையை முடித்தவருக்கு அடுத்தது 80 மில்லிமீட்டர் தாளுக்கான அமைப்பு.

‘நான் செய்கிறேன்’ என்று சொல்லிவிட்டு ஓய்ந்துபோகிறவர்களும் உண்டு. 14 நாள் அசைவில்லாவிட்டால் மரியாதையாக ஒரு வரி எழுதி இஷ்யூவை விடுவிக்கிறோம். திரும்பி வந்தால் மீண்டும் அவருக்கே.

பயிலரங்கு

பர்கூரிலும் தர்மபுரி செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கலைக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. ஆள் பஞ்சம் இல்லை. காலம் பார்த்து வைக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் பருவத் தேர்வு நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மே மாதங்களிலும் வரும். அப்போது மாணவர் யாரும் கிடைக்கமாட்டார்கள். ஆகஸ்ட், செப்டம்பர், பிறகு பிப்ரவரி ஏற்ற மாதங்கள். மண்டிக்காரர்களையும் அழைப்பதானால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழம் இறங்கும் மே, ஜூன், ஜூலையை விட்டுவிட வேண்டும்.

கிட் சொல்லிக்கொடுக்கும் பயிலரங்காக வைத்தது பலிக்கவில்லை. நேரமெல்லாம் உள்நுழைவிலேயே கரைந்தது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் கட்டளைகளுக்குக் கிட்ஹப் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அதற்குப் பதில் டோக்கன் என்ற குறியீடோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். சாவி உருவாக்கினால், கல்லூரி வலைப்பின்னலில் எஸ்எஸ்எச் போகும் 22-ஆம் போர்ட் (இணைப்பு வாசல்) அடைத்திருந்தது. எஸ்எஸ்எச்சை 443-ஆம் போர்ட் வழியாகவும் கிட்ஹப் அனுமதிக்கிறது, ஆனால் அதை அறுபது மடிக்கணினியில் அமைப்பது நடக்கிற காரியமல்ல. எச்டிடிபிஎஸ் முகவரியில் குளோன் செய்வதே வழி. விண்டோஸுக்கான கிட்டில் உள்நுழைவைப் பார்த்துக்கொள்ளும் கிரெடென்ஷியல் மேனேஜர் உடன் வருவதால் பிரவுசர் திறந்து உள்நுழையச் சொல்லும், அதோடு முடிந்தது.

மாற்றியமைத்த பயிலரங்கில் முதல் பங்களிப்பு பிரவுசரிலேயே. கோப்பைத் திறந்து பென்சில் குறியை அழுத்தினால் ஃபோர்க், பிராஞ்ச் (மாற்றத்துக்கான தனிக் கிளை) எல்லாம் கிட்ஹப்பே செய்து புல் ரிக்வெஸ்ட் வரை கொண்டுபோய்விடும். ஊர்ப் பெயர்ப் பட்டியலில் தன் ஊரைச் சரியான எழுத்தில் சேர்ப்பது அந்த வேலை. மென்பொருளுக்கு உண்மையாகவே தேவைப்படும் பட்டியல் அது. ஒப்புக்குச் செய்யும் பயிற்சி இல்லை. மெர்ஜ் ஆவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மடிக்கணினியில் நிறுவல்.

நிறுவலுக்குப் பென்டிரைவ். வைஃபையில் அறுபது பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் யாருக்கும் இறங்காது. ரெப்போ முழுவதையும் கிட் பண்டில் கட்டளையால் ஒரே கோப்பாக்கலாம். அதிலிருந்து நேரடியாகக் குளோன் எடுக்கலாம். எடுத்த பிறகு ரிமோட் முகவரியைக் கிட்ஹப்புக்கு மாற்ற மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கியதும் ஃபெட்ச் (புதிய மாற்றங்களை இறக்குவது) நின்றுவிடும். பைத்தான் பொதிகளை, பொதி நிறுவியான பிப்பின் டவுன்லோட் கட்டளையால் ஒரு ஃபோல்டரில் இறக்கி, ‘நோ-இண்டெக்ஸ்’ கொடுத்து அங்கிருந்தே நிறுவலாம். லினக்ஸில் இறக்கிய பில்லோ வீல் விண்டோஸில் ஏறாது, பைத்தான் பதிப்பு மாறினாலும் ஏறாது. இறக்கும்போதே பிளாட்ஃபார்மையும் பதிப்பையும் குறிப்பிட்டு விண்டோஸுக்கான வீலை எடுக்க வேண்டும். அதே பதிப்புப் பைத்தான் நிறுவியையும் பென்டிரைவில் வைக்க வேண்டும். ஐந்து பென்டிரைவ் வரிசைக்கு ஒன்றாகச் சுற்றினால் போதும்.

இப்படிப் பயிலரங்குகளை மாவட்ட அளவில் தொடர்ந்து நடத்திக் காட்டியவர்கள் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர். அவர்களைப்போல வாராவாரம் ஒரே இடத்தில் கூடுவது ஒருநாள் விழாவைவிட எவ்வளவோ மேல்.

வந்த ரிக்வெஸ்ட்டுக்குப் பதில்

48 மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் பதில் எழுத வேண்டும். முழு ரிவ்யூ தாமதமாகலாம். ‘பார்த்தோம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுதாகப் பார்க்கிறோம்’ என்ற வரி தாமதமாகக் கூடாது. வாரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொண்டதில் இது நடக்கிறது. எல்லோருக்கும் பொறுப்பு என்று விட்டபோது நடக்கவில்லை.

தானியங்கிச் சோதனையில் ஒரு சூட்சுமம். சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் பொது ரெப்போவுக்கு இலவசம். ஆனால் முதல்முறை பங்களிப்பவரின் சோதனை, பராமரிப்பாளர் ஒப்புதல் பொத்தானை அழுத்தும்வரை ஓடாது; இந்த இலவசக் கணினிகளில் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்களைத் தடுக்க 2021-இல் வந்த ஏற்பாடு. இது தெரியாத புதியவர் மஞ்சள் புள்ளியைப் பார்த்துக் காத்துக்கொண்டே இருப்பார். அன்றாடம் போய் அழுத்த வேண்டும்.

விண்டோஸிலிருந்து வரும் சில ரிக்வெஸ்ட்டுகளில் இரண்டு வரி மாற்றத்துக்கு முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டும். விண்டோஸும் லினக்ஸும் வரி முடிவுக்கு வேறு வேறு குறி வைப்பதால் வருவது அது. கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் உரைக் கோப்புகளுக்கு ‘ஆட்டோ’ என்று ஒரு வரி போட்டால் போதும். இதைப் போடாமல் ஒவ்வொரு மாணவரிடமும் திருத்தச் சொல்லிக்கொண்டிருப்பது வந்தவரை விரட்டுவதற்குச் சமம்.

ரிவ்யூவில் எழுதும் சொல்லும் முக்கியம். ‘ஃப்ளோட் தவறு, மாற்றவும்’ (ஃப்ளோட் என்பது தசம எண் வகை) என்பதற்குப் பதில் இப்படி:

‘கமிஷன் கணக்கு சரியாக இருக்கிறது. 40 கிரேடு, 310 ரூபாய், பத்து சதவீதக் கமிஷன், கிரேடுக்கு 5 ரூபாய் இறக்குகூலி வைத்துப் பார்த்தேன். 10,960 சரியாக வருகிறது. ஒன்று மட்டும்: தொகையை ஃப்ளோட்டில் வைத்தால் நாள் முடிவில் கூட்டும்போது பைசா நழுவும். முன்பணப் பகுதியில் பைசாவை முழு எண்ணாக வைத்திருக்கிறோம். அதைப் பார்த்து மாற்றுங்கள். சில்லறை ஸ்டைல் திருத்தங்களை உங்கள் பிராஞ்சில் நாங்களே செய்துவிடுகிறோம்.’

கடைசி வரி சாத்தியமாவது, ரிக்வெஸ்ட் திறக்கும்போது ‘பராமரிப்பாளர் திருத்த அனுமதி’ பெட்டி இயல்பாகவே டிக் ஆகியிருப்பதால். ஒரு ரிவ்யூவில் ஒரு பாடம். இடைவெளி, பெயரிடல் போன்றவற்றை நிரலின் நடையைச் சோதிக்கும் ரஃப் கருவி பார்த்துக்கொள்ளட்டும்.

நிரல் எழுதாத பங்களிப்பாளர்கள்

ஓசூர்ப் பக்க மண்டிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வியாபாரிகள் அதிகம். மொழிபெயர்ப்புக்கு வெப்லேட் வைத்தோம். திறமூலத் திட்டங்களுக்கு இலவச இடம் தருகிறார்கள். கிட் தெரியாதவரும் பிரவுசரில் எழுதலாம். கமிட் அவர் பெயரிலேயே ஏறும். அடைப்புக்குள் இருக்கும் மாறியின் (விவசாயி பெயர், தொகை போன்றவை வந்து விழும் இடத்தின்) பெயரையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடுவது வழக்கமாக நேரும் பிழை; சீட்டு அடிக்கும்போது நிரல் அங்கே நின்றுவிடும். வெப்லேட்டில் பைத்தான் வடிவச் சோதனையைக் கட்டாயமாக்கினால் அப்படிப்பட்ட வரி ‘திருத்த வேண்டியது’ என்ற குறியோடு நின்றுவிடும்.

கணக்குப்பிள்ளைகளிடமிருந்து வருவது வாட்ஸப் குரல்பதிவு. ‘அண்ணா, முன்பணம் ரெண்டு தடவையா குடுத்திருந்தா சீட்டுல ஒண்ணுதான் கழியுது, விவசாயி சண்டைக்கு வராரு’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இதைவிடத் துல்லியமான பிழை அறிக்கை கிடையாது. அதை இஷ்யூவாக எழுதி, அவர் சம்மதத்தோடு நன்றிப் பட்டியலிலும் வெளியீட்டுக் குறிப்பிலும் பெயரைச் சேர்க்கிறோம். திருத்தம் வந்த சீட்டை அவருக்கே முதலில் அனுப்புகிறோம். முடிவுகளை வாட்ஸப்பில் விட்டுவைக்கக் கூடாது. இஷ்யூவில் எழுதாத முடிவு அடுத்து வருகிறவருக்குத் தெரியப்போவதில்லை.

பொறுப்பைக் கொடுத்தல்

ரெப்போ தனிநபர் கணக்கில் இருந்தவரை, உதவ வந்தவருக்கு எழுதும் உரிமை முழுதாகக் கொடுக்க வேண்டும் அல்லது ஒன்றும் கொடுக்க முடியாது. ஆர்கனைசேஷன் (குழு) கணக்குக்கு மாற்றிய பிறகு ட்ரையாஜ் (இஷ்யூக்களை வகைப்படுத்த), ரைட் (நிரலில் எழுத), மெயின்டெயின் (திட்டத்தைப் பராமரிக்க) என்று படிப்படியாகக் கொடுக்க முடிகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. பழைய முகவரிக்கு வருகிறவர்களைக் கிட்ஹப்பே புதியதற்குத் திருப்பிவிடும். மூன்று நான்கு மெர்ஜ் முடித்தவரிடம் ட்ரையாஜ் உரிமை கொடுத்து, புதிய இஷ்யூக்களுக்கு லேபிள் ஒட்டச் சொல்கிறோம். மெயின் பிராஞ்சில் ஒருவர் ரிவ்யூ இல்லாமல் எதுவும் ஏறாதபடி பாதுகாப்பு போட்டிருப்பதால், எழுதும் உரிமை கொடுக்கவும் தயக்கம் தேவைப்படவில்லை.

மறுபடி ஒரு திட்டம் தொடங்கினால் உரிமம், ஆர்கனைசேஷன் கணக்கு, கிட்ஆட்ரிபியூட்ஸ், போலி அச்சு நான்கையும் நிரலின் முதல் நூறு வரிக்குள்ளேயே வைப்போம். கன்னட, தெலுங்கு மொழிபெயர்ப்புக்காகச் சீட்டில் வரும் வரிகளையும் ஆரம்பத்திலேயே நிரலிலிருந்து பிரித்து வைப்போம். பிறகு நிரலுக்குள் சிதறிக் கிடக்கும் தமிழ் வரிகளைப் பொறுக்குவது பெரிய வேலை.

இன்னும் தீராதது ப்ளூடூத் பகுதி. பிரிண்டரோடு நேரடியாகப் பேசும் அந்தக் கோப்பை ஒருவர் மட்டுமே முழுதாக அறிவார். போலி அச்சால் இதைக் கற்க முடியாது, உண்மையான இயந்திரம் வேண்டும். அதற்காக ஒரு 58 மி.மீ. பிரிண்டர், இரண்டு தாள் சுருள், சார்ஜர், இணைக்கும் முறையை எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைப் பெட்டியில் போட்டு, கேட்கிறவருக்கு இரண்டு வாரம் இரவல் கொடுக்கிறோம். திருப்பித் தரும்போது அந்தத் தாளில் புரியாமல் போன இடங்களைப் பேனாவால் குறித்துத் தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. குறித்த இடங்களைத் திருத்திப் புதுத் தாள் அச்சிட்டுத்தான் அடுத்தவருக்குப் பெட்டி போகும்.